தவறு துப்பாக்கியுடையதே என்று ஒரு வரி எழுதித் தரவும்

ஹெய்க்கிலா கேம்ப்,
மேல் மிச்சிகன்.
நவம்பர் 21, காலை.

மதிப்பிற்குரிய மச்சான் ரூடி அவர்களுக்கு,

உங்கள் தங்கை சைமியின் கணவன் அர்வோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், பனி முழங்கால் வரை. அங்கே அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால்களும் ஹெல்மி அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன வருடம் வேட்டைக் கேம்பில் விட்டுப்போன சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். கிடைத்ததும் முதல் வேலையாக அனுப்பிவைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி, வேட்டை தொடங்கிய முதல் நாள் காலை, ஓடைக்கரையில் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அறுபதடி தூரத்தில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. சுட்டேன். குறி சரியாகத்தான் இருந்தது, இடையில் ஒரு பிர்ச் மரம் வந்துவிட்டது. அந்த மான் ஓடக்கூட இல்லை மச்சான், என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த குண்டுக்கு இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? தோட்டா ஏற்றும் கைப்பிடியான போல்ட்டை இழுத்தேன். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே போய் விழ வேண்டுமா இல்லையா? விழவில்லை. அடுத்த தோட்டாவின் தலைமேல் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. போல்ட்டை முன்னால் தள்ளினால் இரண்டும் சேர்ந்து இறுகிவிட்டன. விரலை விட்டு நோண்டினேன். மான் எல்லாவற்றையும் பார்த்தது, வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டியது, போய்விட்டது.

ஒரு வெடிதான் கேட்டது, மானையும் காணோம் என்றதும் நம் கேம்ப் கூட்டாளி டெல்மர் கத்தரிக்கோலோடு கேம்ப் வாசலில் நிற்கிறான். உங்களுக்குத் தெரியாத வழக்கமா? குறி தவறியவனுடைய சட்டையைப் பின்பக்கம் இடுப்புக்குக் கீழே கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டுவது. அந்தச் சுவரில் மாமா, உங்கள் அப்பாவின் சட்டைத் துண்டே மூன்று இருக்கிறது. உங்களுடையது ஏழு. முப்பத்தொரு வருடமாக என்னுடையது ஒன்றுகூட இல்லை. ஒரு மானுக்கு ஒரு குண்டு, இரண்டாவதற்கு வேலையே வைத்ததில்லை. தினமும் காலையில் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் காபி குடிக்கிறேன். காபிக்கே அதனால்தான் ருசி என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் அது உண்மை.

"திரும்பி நில்லுடா அர்வோ, ஆட்டாம வெட்டிடறேன்" என்றான் டெல்மர்.

"பொறுடா. நான் தவறல. துப்பாக்கி மக்கர் பண்ணிடுச்சு."

"முதல் குண்டு மரத்துல இருக்குதே, அதையும் துப்பாக்கியா கொண்டுபோய் வெச்சுது?"

"இரண்டாவது குண்டு போட விட்டிருந்தா முதல் குண்டைப் பத்தி யாருடா பேசப்போறாங்க?"

நம் கிளாரன்ஸுக்குத் துப்பாக்கித் தொலைநோக்கி உறைந்துபோன வருடம் அவன் சட்டையை வெட்டாமல் விட்டோம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் வேட்டை முடியும் முப்பதாம் தேதி வரை தவணை கொடுத்தான். அதற்குள் துப்பாக்கியின் கோளாறு இன்னதென்று காட்டிவிட்டால் சட்டை தப்பிக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும் என்று கண்டுபிடித்தேன். போல்ட்டைத் தனியாகக் கழற்றிச் சவுனா நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் அரை மணி வைத்தேன், எண்ணெய் அருமையாக உருகியது, உருகியது பலகை முழுக்க ஓடியது, அடுத்துக் குளிக்கப் போன டெல்மர் அதன்மேல் உட்கார்ந்தான், இரண்டு நாளாக அவன் உட்காரும் இடமெல்லாம் துப்பாக்கி எண்ணெய் வாசம் வருகிறது என்று என்னைத் திட்டுகிறான், ஆனால் போல்ட் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கூடு மட்டும் வெளியே விழவில்லை. சரி, தோட்டா உட்காரும் அறையில் அழுக்கு என்று பித்தளைத் தூரிகை போட்டுத் தேய்த்தேன், முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போலப் பளபளக்கிறது. கூடு விழவில்லை. கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி தளர்ந்திருக்கும் என்று அதைக் கழற்றிப் பார்த்தேன், இழுப்பெல்லாம் கச்சிதம். அப்படியானால் பின்னால் வரும் கூட்டைத் தட்டி வெளியே எறிகிற சின்ன இரும்பு நாக்குதான் குற்றவாளி, முனை தேய்ந்திருக்கும் என்று உறுதி செய்துகொண்டு, துப்பாக்கி பழுது பார்க்கும் கிளாரன்ஸிடமே போய்ப் புது நாக்கு போட்டேன். அதிலும் விழவில்லை. கிளாரன்ஸ் என்ன சொன்னான் தெரியுமா? "துப்பாக்கிய விட்டுட்டுப் போனது போதும், அடுத்த தடவை அதைப் பிடிக்கற ஆளை ரிப்பேருக்கு விட்டுட்டுப் போ, பார்க்கறேன்" என்றான். இந்த ஊரில் தொழில் தெரிந்தவனுக்கெல்லாம் வாய் இப்படித்தான்.

கைப்பழக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலிக் கூடுகளில் நானே மறுபடி மருந்து அடைக்கிறவன். பனியில் ஒரு கூட்டைத் தொலைத்தேன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். போல்ட்டைப் பதமாக இழுப்பேன், கூட்டைப் பூப்போல உள்ளங்கையில் எடுப்பேன், அது அப்படியே காபி டப்பாவுக்குப் போகும். இந்த நிதானம் இந்தக் கேம்பில் எவனுக்கு இருக்கிறது?

ஆக, ஒன்றுதான் பாக்கி. இது பிறவிக் கோளாறு. மாமா காலத்திலேயே இருந்தது. சொந்த மகன் உங்களை விட்டுவிட்டு மருமகன் எனக்கு அவர் துப்பாக்கியைத் தந்தது பற்றி உங்களுக்கு இன்னும் மனவருத்தம் உண்டு என்று சைமி சொல்வாள். இப்போதாவது புரிந்துகொள்ளுங்கள் மச்சான், உங்கள் மேல் இருந்த பாசத்தால்தான் தரவில்லை. பழுதான பொருளைப் பெற்ற பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? ஆகையால் "எங்கள் அப்பா காலத்திலேயே இந்தத் துப்பாக்கி கூட்டை வெளியே தள்ளாது" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும். ஃபோனில் சொன்னால் டெல்மர் ஒப்புக்கொள்ள மாட்டான். முப்பத்தொரு வருட மானம் உங்கள் பேனாவில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு நோய் நொடி வராமல், கூரை ஒழுகாமல், வெயில் அளவோடு அடிக்கக் கடவுள் துணையிருக்கட்டும். ஹெல்மி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

என்றும் உங்கள்,
அர்வோ சால்மி

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். மத்தியானம் சைமி எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கியில் வெறும் கூடு போட்டு அவளுக்குக் கோளாறை விளக்கினேன். இழுத்தேன், வழக்கம்போல உள்ளேயே படுத்துக்கொண்டது. அவள் கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இப்படிக் குடுங்க. தொட்டில் ஆட்டறாப்பல இழுத்தா எப்படி விழும்? எங்கப்பா இழுத்தா சுவத்துல போய் அடிக்கும்" என்று ஒரே வெட்டாக இழுத்தாள். கூடு டெல்மரின் காதை உரசிக்கொண்டு பறந்து பட்டாணி சூப்பில் விழுந்தது. ஒன்பது தடவை இழுத்தாள், ஒன்பது தடவையும் பறந்தது. அந்த இரும்பு நாக்கு வேகமாக வந்தால்தான் தட்டுமாம், மெதுவாக வந்தால் சும்மா தொடுமாம். முப்பத்தொரு வருடம் டப்பாவுக்காகப் பழகிய கை, மான் நிற்கும்போதும் டப்பாவையே நினைத்திருக்கிறது.

"சாட்சி முடிஞ்சுது, திரும்பி நில்லு" என்றான் டெல்மர். நின்றேன். வருத்தம்தான் மச்சான், மறைக்க மாட்டேன். ஆகவே அந்த ஒரு வரியை எழுத வேண்டாம். துப்பாக்கி நல்ல துப்பாக்கி, மாமா தெரிந்துதான் எனக்குக் கொடுத்தார் என்று இப்போது சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. வேட்டையின் முதல் நாள் எந்தச் சட்டை போட்டிருந்தோமோ அதைத்தான் வெட்ட வேண்டும் என்பது விதி. வெட்டும்போது காலருக்குள் ஹெல்மி அக்கா தைத்திருந்த உங்கள் பெயரை டெல்மர் சத்தமாக வாசித்தான். அந்தச் சிவப்புக் கட்டச் சட்டையைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் அப்படியே இருக்கிறது, ஒரு பித்தான்கூடப் போகவில்லை, கால்சட்டைக்குள் செருகிப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது.