கைலி கட்டிய ரெக்கார்டுகள்

வட ஆற்காடு ஜில்லாவிலேயே உட்காராமல் உத்தியோகம் பார்த்த ஒரே மனிதர் ராமபாணம்தான். அவருக்கென்று ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. அதில் அவருடைய குடை உட்கார்ந்திருக்கும். அவர் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடந்துகொண்டே இருப்பார். மத்தியானச் சோறுகூட நடந்தபடிதான். அவரோடு பேச வேண்டுமென்றால் நாமும் கூடவே நடக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்தில், பழைய சமய நூல்களை ஆராய வேலூரில் ஒரு பல்கலைக்கழக நிலையம் இருந்தது. ஒரு சாஸ்திரி, ஒரு மௌல்வி, ஒரு பாதிரியார், மூவரையும் கட்டி மேய்க்க ஒரு தலைவர். எந்தச் சுவடி எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தார்கள், படித்தவர் என்ன குறிப்பு எழுதினார் என்ற காகிதங்களெல்லாம் ரெக்கார்டு அறையில் கட்டுக்கட்டாக இருந்தன. அந்த அறைக்குக் காவல் ராமபாணம். நான் பிரதி எடுக்கும் குமாஸ்தா. காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சியை இவர் தேடித் தேடி நசுக்கியதில், அந்தப் பூச்சியின் பெயரே இவருக்கு ஒட்டிக்கொண்டது. நேரில் எல்லோருக்கும் அவர் ரைட்டர்.

அறைக்குள் நுழைகிறவர்கள் துண்டை உதறிவிட்டு வர வேண்டும். மௌல்வி தொப்பியை உதறுவார். பாதிரியார் அங்கியைத் தூக்கி உதறுவார். ஒரு நாள் தலைவரையே வாசலில் நிறுத்திவிட்டார்.

"பாக்கெட்ல இன்னாங்க?"

"வெல்ல அடைப்பா. பொண்ணு கொடுத்து விட்டுது."

"வெல்லம்னா எறும்பு வரும். எறும்பு வந்த வழியா கரையான் வரும். வெளிய துன்னுட்டு வாங்க."

தலைவர் வேப்பமரத்தடியில் நின்று தின்றுவிட்டு வந்தார்.

காகிதம் ஒரே இடத்தில் கிடந்தால் பூச்சிக்கு விலாசம் தெரிந்துவிடும் என்பது ராமபாணத்தின் சித்தாந்தம். அதனால் நேற்று மேல்தட்டில் இருந்த கட்டு இன்று கீழ்த்தட்டில் இருக்கும். பூச்சி குழம்பியதோ இல்லையோ, நாங்கள் நன்றாகவே குழம்பினோம்.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து தாக்கீது வந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். பூச்சி அரித்திருந்தால் ரெக்கார்டுகளை மொத்தமாகப் பட்டணத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ராமபாணத்துக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்தக் கட்டுகள்தான் குடும்பம். அன்று முதல் நடை ஓட்டமாயிற்று.

திடீரென்று ஒரு நாள் ஆம்பூருக்கு ரயிலேறினார். திரும்பியபோது கூலியாள் தலையில் ஒரு பெரிய தோல் மூட்டை.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"தோல் ஷாப்புல பொஸ்தகப் பூச்சி பாத்திருக்கியா நீ? தோல் பதம் போடுற ஆவாரம்பட்டை வாசனைக்கே ஓடிப்பூடும். என் தோஸ்த் ஒரு பாய், கம்மி வெலைக்குக் குடுத்தாரு."

சாப்பாடு தூக்கம் மறந்து அத்தனை கட்டுக்கும் தோல் உறை தைத்தார். பூச்சிகள் ஓடினவோ என்னவோ, அறிஞர்கள் மூவரும் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள்.

"வேத சம்பந்தமான காகிதத்தைத் தோல்ல சுத்தி வெச்சிருக்கியே, நான் எப்படிய்யா தொடறது?" என்றார் சாஸ்திரி.

"ஆட்டுத் தோலுங்க சாமி. மாடு இல்ல."

"எந்தத் தோலானா என்ன? தோல் தோல்தானே."

மௌல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ரைட்டர் சாப், ஆடுதான்னு நிச்சயமாத் தெரியுமா? வேற எதுனா கலந்திருந்தா பேஜாராப் பூடும்."

"எனக்கு எந்தத் தோலும் ஆட்சேபணை இல்லை. மூச்சு விட முடிஞ்சாப் போதும்" என்றார் பாதிரியார்.

ஆராய்ச்சி அடியோடு நின்றது. தலைவர் ராமபாணத்தைக் கூப்பிட்டு, "அதிகாரி வர்றதுக்குள்ள இவங்க மூணு பேரும் அந்தக் கட்டைத் தொடணும். இல்லன்னா நீ மூட்டை கட்டிக்க" என்று சொல்லிவிட்டார்.

ராமபாணம் மறுபடி ரயிலேறினார். இந்தத் தடவை குடியாத்தம். கட்டம் போட்ட கைலிகளை வாங்கி வந்து, வெட்டி, தோலுக்கு மேல் இன்னோர் உறை தைத்தார். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், சிவப்புக் கட்டம். சாஸ்திரி விரல் நுனியால் ஒரு கட்டைத் தொட்டார். பிறகு முழுக் கையால் எடுத்தார்.

"மேல துணிதான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நேக்குத் தெரியாது" என்று எங்களுக்கெல்லாம் பொதுவாக அறிவித்தார். வாசனைதான் இன்னும் ஜாஸ்தி என்றார் மௌல்வி. பாதிரியார் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்துக்கொண்டு வந்தார். வேலை நடந்தது.

கோட்டு போட்ட அதிகாரி வந்து பீரோவைத் திறந்தார். வரிசையாகக் கைலிகள்.

"இது ரெக்கார்டு ரூமா, ஜவுளிக் கடையா?"

"அவுத்துப் பாருங்க சார்" என்றார் ராமபாணம்.

அதிகாரி ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். ஓர் ஓட்டை இல்லை. ராமபாணம் அவர் பின்னாலேயே நடந்து, அவிழ்த்ததையெல்லாம் கட்டிக்கொண்டே போனார். கடைசியில் அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ராஜதானியிலேயே இவ்வளவு நல்லா வெச்சிருந்து நான் பார்த்ததில்லை. இதெல்லாம் இங்க இருக்க வேண்டிய பொருளே இல்லை. பட்டணத்துலதான் இருக்கணும்" என்றார்.

கெட்டுப்போயிருந்தாலும் போயிருக்கும். நன்றாக இருந்ததாலும் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் அந்த அதிகாரியின் கோட்டுப்பையில் நாலு கரையானை விடலாம் போலிருந்தது.

காட்பாடியில் கட்டுகளைச் சாமான் வண்டியில் ஏற்றியபோது ராமபாணம் ரயில் கார்டிடம் போய், "ஈரத்துல வெக்காதீங்க. அப்பப்ப எடம் மாத்தி வையுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கார்டு பச்சைக் கொடி காட்டிய பிறகும் வண்டியோடு நடந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் காலி அறையில் பீரோக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இன்னாண்ணா தொடைக்கறீங்க?"

"திருப்பி அனுப்புவாங்கப்பா. அதுக்குள்ள பூச்சி வந்து குடியேறிடக் கூடாது இல்ல."

அன்று மத்தியானம் தலைவர், ரெக்கார்டு இல்லாத இடத்தில் காவல் எதற்கு, ராமபாணத்தை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு ஓர் உத்தரவு எழுதிக் கொண்டுவா என்றார். கை வலி, பேனா பிடிக்க முடியவில்லை என்றேன். அடுத்த வாரம் கேட்டார். வலி குறையவில்லை என்றேன். மற்ற காகிதமெல்லாம் எழுதுகிறாயே என்று அவர் கேட்கவில்லை. வாசலில் துண்டை உதறிவிட்டு அந்தக் காலி அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ராமபாணம் இருந்தவரைக்கும் எனக்கு அந்தக் கை வலி தீரவே இல்லை.