கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை

"தெரியுதா?" என்று கரும்பலகையைத் தட்டிக் கேட்டார் கணக்கு வாத்தியார்.

"தெரியல சார்," என்றது கடைசி பெஞ்ச்.

பின்னக் கணக்கில் பாதி வகுப்பு ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. இன்னொரு தரம் கவிழ்ந்தால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பப்போவதாகத் தலைமையாசிரியை சொல்லியாகிவிட்டது. இந்த லட்சணத்தில் பிள்ளைகளுக்குப் பலகையே தெரியவில்லை என்றால்?

கடைசி பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டார். நெட்டைகள் முன்னே வர, குட்டைகள் பின்னே போனார்கள்.

"இப்ப?"

"இப்பவும் தெரியல சார்."

"எங்களுக்கும் தெரியல சார்!" என்று குட்டைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினார். பலகை போதவில்லை. பகுதியை எழுதுவதற்குத் தொகுதியை அழிக்க வேண்டியிருந்தது.

"முன்னாடி ஏதோ கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார்," என்றாள் இரட்டைச் சடைக்காரி. "இப்ப சுத்தமா தெரியல."

வெளிச்சம் பற்றவில்லையோ என்று ஜன்னல் திரையைப் பிடுங்கினார். கம்பியோடு கையில் வந்தது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கடையைக் காலி பண்றீங்களா?"

"பசங்களுக்குக் கண்ணு சரியில்ல மேடம்."

"மொத்த வகுப்புக்குமா?"

"தொத்திக்கிச்சு போல."

அன்று இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. இத்தனை வருஷம் குருட்டுப் பிள்ளைகளைப் போட்டுத் திட்டித் தீர்த்தோமே என்று புரண்டுகொண்டே இருந்தார். மறுநாள் தெரிந்த கண் டாக்டரின் கையைக் காலைப் பிடித்து வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார்.

டாக்டர் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, ஒவ்வொருவராக நிற்கவைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார்.

"சார், ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்ல. அட்டைக்கு அடியில பொடியா அச்சாபீஸ் பேரு போட்டிருக்கு, அதைக்கூடப் படிக்குதுங்க."

வாசலில் தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டோர் ரூமின் பல்லிகளும் ஒட்டடையும் வாத்தியாரின் கண்முன் வந்து போயின. அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, போர்டு இவ்வளவு நல்லாத் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குத் தெரியல தெரியலன்னு என் உயிரை வாங்குனீங்க?"

இரட்டைச் சடைக்காரி திருதிருவென்று விழித்தாள்.

"ஐயோ, நீங்க போர்டையா கேட்டீங்க சார்? நாங்க கணக்கைன்னு நெனச்சோம்!"