இறந்தகாலக் குற்றம்

வரைபடம் எழுதியவன் தும்மியபோது சிந்திய மைத்துளி ஒன்று கடலோரமாகக் காய்ந்துபோய், பிற்காலத்தில் அதுவே ஒரு நாடாயிற்று. வீறாபுரி என்று பெயர். அந்த நாட்டில் மன்னர் கிடையாது. ஆள்பவர் என்று ஒருவர் இருந்தார். மன்னர் என்றால் பரம்பரையாக வருவார். ஆள்பவரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கத் தவறியவர்களை ஆள்பவர் தேர்ந்தெடுத்து உள்ளே வைப்பார். மற்றபடி இரு தரப்புக்கும் இடையே உறவு சுமுகமாகவே இருந்தது.

நாட்டின் தென்கோடியில், தலைநகரின் மதிலை ஒட்டி ஒரு மாதா கோவிலும் அதைச் சுற்றி வேதக்காரர்களின் தெருக்களும் இருந்தன. அங்கே வாழ்ந்தவள் கொலாஸ்டிகா. மீன் விற்பவள். சந்தை இரைச்சலில் சாளையைக் கூவி விற்றுப் பழகிய தொண்டை என்பதால், கோவில் பாட்டுக்கும் அவள்தான் முதல் குரல். அவள் பாட ஆரம்பித்தால் கோபுரத்துப் புறாக்கள் இடம் மாறி உட்காரும். கணவன் தொம்மை, படகுத் தச்சன். ஒரே மகளுக்கு, ஈஸ்டர் கழிந்த மறுவாரம் திருமணம் என்று நாள் குறித்தாயிற்று. தகப்பன் கைப்பிடித்துத்தான் பெண் கோவிலுக்குள் வரவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாட்டுப்பற்று அமைச்சர் வீறுடையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தார். அவருக்கு நாட்டின்மேல் அளவற்ற பற்று. குறிப்பாக, கடலைப் பார்த்த மனைகளின்மேல். முன் வரிசையில் அமர்ந்து, கண்ணை மூடி, பக்தியாகத் தூங்கிக்கொண்டிருந்தவரை மன்றாட்டு எழுப்பிவிட்டது. சபை முழுவதும் ஒரே குரலில், "ஆண்டவரே, கேட்டருளும்!" என்றது.

அமைச்சர் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர். முக்காலம் வரை படித்துவிட்டு, இதற்குமேல் தேவைப்படாது என்று அரசியலுக்கு வந்தவர். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஞானாதிக்கத்தைத் தனியே அழைத்தார்.

"யார் இந்த ஆண்டவர்?"

"கடவுள்தாங்க ஐயா."

"ஏமாற்றப் பார்க்காதீர். ஆண்டவர் என்பது இறந்தகாலம். ஆண்டு முடித்தவர் என்று பொருள். ஆள்கிற ஒருவர் நிகழ்காலத்தில் குத்துக்கல்லாட்டம் இருக்கையில், ஆண்டு முடித்த ஒருவரை இத்தனை பேர் கூடிக் கூவி அழைக்கிறீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் வாத்து வளர்க்கிறாரே முன்னாள் ஆள்பவர், அவரைத்தானே?"

பக்கத்தில் பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்த கொலாஸ்டிகா சொன்னாள்: "ஐயா, அவரு வாத்தையே ஒழுங்கா மேய்க்கலன்னு கேள்வி. அவர்கிட்ட போயி யாரு வேண்டுவா?"

அந்த வாரமே ஆணை வந்தது. பூசையிலும் பாட்டிலும் பேச்சிலும் ஆண்டவர் என்று வரும் இடங்களில் எல்லாம் இனி ஆள்பவர் என்றே சொல்ல வேண்டும். 'நாட்டை நேசிப்பவர் நிகழ்காலத்தில் பேசுவர்' என்று சுவர்களில் எழுதி வைத்தார்கள். மீறுவது இறந்தகாலக் குற்றம்.

முதலில் மாட்டியவன் தொம்மை. சந்தை முக்கில் ஆள்பவரின் சிலை இருந்தது. அதன் பீடத்தில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டவன், நகம் பெயர்ந்த வலியில், சிலையை அண்ணாந்து பார்த்து "ஆண்டவரே!" என்று கத்திவிட்டான். சிலைக்குக் காவல் நின்றவன் சாட்சியானான்.

"நிகழ்கால ஆள்பவரை முகத்துக்கு நேரே இறந்தகாலத்தில் விளித்திருக்கிறாய். இது வசையா, சாபமா?" என்று கேட்டார் நீதிபதி.

"கால் வலிக்கும்போது இலக்கணம் எங்க ஐயா ஞாபகத்துக்கு வரும்?"

ஆள்பவர் ஆளும் காலம் முழுவதும் சிறை என்று தீர்ப்பாயிற்று.

கொலாஸ்டிகா சாமியாரிடம் போய் நின்றாள். அவர் நல்லவர். மூன்று வேளைச் செபத்தையும் இரண்டு வேளை உறக்கத்தையும் தவறவிடாதவர். சண்டை என்றால் மட்டும் பிடிக்காது.

"அரசனுக்குரியதை அரசனுக்குக் குடுத்துரணும்னு நம்ம வேதமே சொல்லுதே கொலாஸ்டி."

"குடுக்கலாம் சாமி. இவரு கடவுளுக்குரியதையும் சேத்துல்லா கேக்காரு? நாட்டுக்காக நாம என்னைக்கு வேண்டாம இருந்தோம்? நாட்டுக்காக வேண்டுறது வேற, நாட்டையே வேண்டுறது வேற."

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"கேட்டதக் குடுத்துருவோம். ஒண்ணு விடாம குடுத்துருவோம்."

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். வழக்கமாக அடுப்பு பற்றும்போது அவள் வாயில் வரும் சொல் தொண்டை வரை வந்து நின்றது. சொல்லாமல் கூரையைப் பார்த்தாள். பெயர் சொல்லாமல் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறவர் அவர் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு, சபை ஆணைக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்தது. "ஆள்பவரே, எங்களுக்கு மழையைத் தாரும்! ஆள்பவரே, அன்றாடச் சோற்றைத் தாரும்! ஆள்பவரே, குருடர் பார்க்கவும் முடவர் நடக்கவும் செய்யும்!" மதிலுக்கு அப்பாலிருந்து கேட்ட வீறுடையார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஆனால் பொது இடத்தில் ஆள்பவரிடம் கேட்கப்பட்ட எதற்கும் பதில் தரவேண்டும் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. வாராவாரம் குவிந்த மன்றாட்டுக்குப் பதில் எழுதி மாளாத குமாஸ்தாக்கள் அழுதார்கள். அமைச்சர் இரண்டாவது ஆணை போட்டார்: ஆள்பவரிடம் கேட்கப்பட்டது அனைத்தும் கிடைத்துவிட்டதாகவே கருதப்படும்.

அன்றாடச் சோறு கிடைத்துவிட்டதால் ரேஷன் அரிசி நின்றது. முடவர்கள் நடந்துவிட்டதால் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். மழை மட்டும் பரிசீலனையில் இருப்பதாக அறிவித்தார்கள். வானத்தைப் பார்த்தால் எவனுக்கும் தெரிந்துவிடும் என்பதால். பசிக்கிறது என்று சொன்னவர்கள்மேல் வதந்தி பரப்பிய வழக்குப் பாய்ந்தது.

"கேட்டதக் குடுத்துருவோம்னியே, இருந்த அரிசியும் போச்சே!" என்று தெருப் பெண்கள் கொலாஸ்டிகாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரிய வெள்ளி வரட்டும்ட்டி," என்றாள் அவள்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு வேதக்காரர்கள் மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாடுபட்டு மரித்தவரின் சுரூபத்தைத் தூம்பா என்கிற பெட்டியில் கிடத்தி, கறுப்புத் துணி போர்த்தி, தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு அழுதுபோவார்கள். ஒப்பாரிக்கும் கொலாஸ்டிகாதான் முதல் குரல்.

சாமியார் கையைப் பிசைந்தார். "எல்லா இடத்துலயும் மாத்தணும்னுதானே ஆணை? இங்கயுமா?"

"சட்டம் சாமி. நாம மீறலாமா?"

நடுப்பகலில் தலைநகர வீதியில் அந்தக் குரல் எழுந்தது: "ஆள்பவர் மரித்தாரே! எங்கள் ஆள்பவர் மரித்தாரே!" பின்னால் ஊரே மார்பில் அறைந்துகொண்டு வந்தது. பல மாதப் பசி இருந்ததால் அழுகை இயல்பாகவே வந்தது.

ஆள்பவர் அப்போது ஊரில் இல்லை. நாட்டின் பெருமையை வெளிநாடுகளில் பரப்புவதற்காக ஆண்டில் பாதி நாள் கப்பலில் இருப்பது அவர் வழக்கம். தூம்பாவைக் கண்ட வீறுடையார், துணியை விலக்கிப் பார்க்கவில்லை, யாரிடமும் விசாரிக்கவில்லை. ஓடிப்போய் முதலில் அரியணையில் உட்கார்ந்தார். பிறகு அழுதார். பிறகு தேசிய துக்கம் அறிவித்து, தம்மைத் தாமே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

கொலாஸ்டிகா ஈரக் கண்ணைக்கூடத் துடைக்காமல் சிறைக்குப் போனாள். "ஆள்பவர் செத்துட்டாரு. அவரு ஆளும் காலம் முடிஞ்சிட்டு. என் வீட்டுக்காரர விடுங்க."

சிறை அதிகாரி அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "ஆள்பவர்னா ஆளுன்னு நெனச்சியாம்மா? நாற்காலி. நாற்காலி எங்க செத்துச்சு?"

கம்பிக்குப் பின்னாலிருந்து தொம்மை கேட்டான்: "ஏட்டி, வெளிய என்னதான் நடக்கு?"

"உமக்காகத்தான் நாட்டையே அழவச்சிட்டு வாரேன். ஒண்ணும் வேலைக்காகல," என்றாள். கல்யாணத்துக்கு ஏழெட்டு நாள்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மறுநாள் பிற்பகல். ஈஸ்டர் பாட்டு ஒத்திகைக்காகக் கோவில் திண்டில் தனியே உட்கார்ந்திருந்தவள் முன்னால் ஒருவர் வந்து நின்றார். கசங்கிய பட்டு, கடற்காற்றில் கலைந்த தலை. நாணயத்தில் பார்த்த மூக்கு.

"பெண்ணே, நாம்தான் ஆள்பவர்."

"மூக்கைப் பாத்தாலே தெரியுது. இங்க எங்க வந்தீய?"

"கப்பலிறங்கி வந்தால், அரண்மனை வாசலில் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். 'உத்தரவுப்படி நீங்கள் இறந்துவிட்டீர்கள். ஆட்சேபனை இருப்பின் வாரிசு மூலம் மனு கொடுக்கவும்' என்கிறார்கள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல நாட்டில் ஒருவர்கூட இல்லையா?"

"நாளைக்குக் காலையில நாங்க சொல்லுவோம்," என்றாள் கொலாஸ்டிகா. "இன்னைக்கு முடியாது. இன்னைக்கு நீங்க கல்லறையில இருக்கணும்."

"நாளை நிச்சயமாகச் சொல்வீர்களா?"

"எந்த வருசமும் சொல்லாம இருந்ததில்ல. ஆனா உள்ள ஒரு தச்சன் இருக்காரு. அவர விட வழி பண்ணாம எனக்குத் தொண்டை திறக்காது."

ஆள்பவர் பெருமூச்சு விட்டு முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். சிறை அதிகாரிகளுக்கு மோதிரம் எப்போதும் நாற்காலியைவிடத் தெளிவாகப் புரியும்.

ஞாயிறு காலை மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. "ஆள்பவர் உயிர்த்தார்! அல்லேலூயா!" என்று கொலாஸ்டிகா எடுத்த எடுப்பில் புறாக்கள் மொத்தமும் பறந்தன. மதிலுக்கு அப்பால் அரியணையில் சாய்ந்திருந்த வீறுடையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவிலில் சொல்வது ஆள்பவரைத்தான் குறிக்கும் என்று ஆணையிட்டவரே அவர்தானே. ஓடிவந்து கோவில் படியில் நின்ற ஆள்பவரின் காலில் விழுந்தார். "பிரபோ, நாற்காலியில் தூசு படியாதிருக்க உட்கார்ந்து காத்துவந்தேன்!"

ஆள்பவர் அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். ஊரே அல்லேலூயா பாடுகிறது. அவருக்கு உள்ளே ஏதோ ஏறியது.

"மக்களே! இறந்தோம், உயிர்த்தோம். நமக்கு முன் ஆண்ட எவரும் செய்யாத சாதனை! இனி வீறாபுரிக்குத் தேர்தல் தேவையில்லை. இந்தக் கோவிலே நமது இல்லம். ஆணை நிலைத்திருக்கட்டும்!"

பாட்டு சட்டென்று நின்றது. அமைச்சர் மட்டும் கைதட்டினார். தன் கெட்டிக்காரத்தனம் எல்லை தாண்டிவிட்டதோ என்று கொலாஸ்டிகா பயந்தாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தாடியும் நொண்டலுமாக, சிறையிலிருந்து நேரே வந்தான் தொம்மை. படியருகே நின்று ஆள்பவரை மேலும் கீழும் பார்த்தான்.

"உயிர்த்தவரு நீங்கதானா?"

"நாமே."

"அப்ப கையைக் காட்டுங்க."

"எதற்கு?"

"ஆணித் தழும்பு இருக்கணும்லா. வேதத்துல தழும்பத் தொட்டுப் பாத்து நம்புன சீடரு பேருதான் எனக்கும். தொட்டுப் பாக்காம நம்புறது எங்க பேருக்கு ராசியில்ல."

ஆள்பவர் தம் கைகளைப் பார்த்தார். தழும்பு என்ன, ஒரு காய்ப்புகூட இல்லை. வெண்ணெய் போல இருந்தன.

"தழும்பு இல்லன்னா குத்தமில்ல," என்றான் தொம்மை ஆறுதலாக. "ஆணைதான் நிலைச்சிருக்கே. அடுத்த பெரிய வெள்ளிக்குப் போட்டுக்கிடலாம். நான் தச்சன்தான். மரம் இருக்கு. ஆணி புதுசு."

பங்குச் சாமியார் ஞானாதிக்கம் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்காமலே வாய் திறந்தார். "முந்தின நாளு பாதங் கழுவுற சடங்கும் உண்டுங்க. ஊர்க்காரங்க பாதம். ஆள்பவர்தான் மண்டியிட்டுக் கழுவணும்."

மீனவத் தெருவின் பாதங்கள் ஆர்வத்தோடு ஓரடி முன்னே வந்தன.

ஆள்பவர் அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு அமைச்சரைத் திரும்பிப் பார்த்து, "வீறுடையாரே, அந்தச் சொல்லில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. நீர்தான் சரியாகப் படிக்கவில்லை. அவர் பெயர் அவருக்கே இருக்கட்டும். அரிசியையும் கொடுத்துவிடும்," என்று சொல்லிவிட்டு, யாரும் பிடித்துப் பார்த்துவிடாதபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

மறுவாரம் தொம்மை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே கோவிலுக்குள் வந்தான். வழியில் வாசற்படியில் அதே பெருவிரலை இடித்துக்கொண்டு, ஊர் கேட்க, இறந்தகாலத்தில் கத்தினான். ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

வீறாபுரியை ஆள வந்தவர்கள் எல்லாரும் அன்றிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் நடமாடுகிறார்களாம். தேர்தல் நெருங்கும்போது மட்டும் முன்னால் கொண்டுவந்து கூப்புவார்களாம். அப்போதும் உள்ளங்கை தெரியாதபடி, இறுக்கமாக.