இறங்கும் முன்பே சேதம்

உலக மருத்துவம் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் விடையை, தீவுத் துறைமுகமான ஹேடோவிலுள்ள ஒரு சரக்குச் சேத அலுவலகம் சென்ற செவ்வாய்க்கிழமை நாற்பதே நிமிடத்தில் கண்டுபிடித்தது. அதில் பத்து நிமிடம் சமோசாவுக்குப் போனது.

கேள்வி, அங்கே எழுத்தராக இருக்கும் ஜாக்குலினின் உடம்பைப் பற்றியது. அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வலது கண் மங்கிவிட்டது. வலது கால் ஒவ்வொரு படியிலும் சற்று யோசித்துவிட்டுத்தான் ஏறியது. சென்னைக்குப் போய் உடனே சிகிச்சை தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம் என்று டாக்டர் உமா மகேஸ்வரி எழுதிக் கொடுத்திருந்தார். போவதற்கு அலுவலகத்தின் ‘மருத்துவப் பரிசீலனைக் குழு’ ஒப்புதல் தர வேண்டும்.

குழுவில் இருவர்: சூப்பரிண்டெண்ட் சந்திரமோகன், சேதப் பதிவாளர் உதயசூரியன். இருவரும் முப்பது ஆண்டுகளாக உடைந்த மரப்பெட்டிகளைப் பரிசோதித்தவர்கள். ஆகவே மனித உடம்பு அவர்களை மிரட்டவில்லை. விதி ஒன்றுதான். கப்பலிலிருந்து இறங்கும் முன்பே உடைந்திருந்தால் அனுப்பியவர் பொறுப்பு. எடுத்துப் போனவர் கையில் உடைந்தால் அவரே பொறுப்பு.

“லெட்டர்ல ஜீன்னு இருக்கேம்மா. இது எப்ப வந்துச்சு?” என்றார் சந்திரமோகன்.

“பொறக்கும்போதே வர்றது சார். ஆனா ஜீன் மட்டும் காரணமில்ல. ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். எங்க வீட்ல வேற யாருக்கும் இல்ல.”

“உங்கப்பா எந்த ஊரு?”

“தூத்துக்குடி. எழுபத்தொம்போதுல கப்பல்ல வந்தாரு.”

சந்திரமோகன் உதயசூரியன் பக்கம் திரும்பினார். “தேக்கோ, பாருங்க, மெயின்லாந்து சரக்கு. இறங்கும் முன்னாலயே சேதம்.”

“அவரு இறங்கினப்ப யாராவது பெட்டி திறந்து பாத்தாங்களா?” என்று கேட்டார் உதயசூரியன்.

“மனுஷங்களைத் திறந்து பாக்க மாட்டாங்க சார்.”

“அங்கதான் தப்பாப் போச்சு.”

ஜாக்குலின் பொறுமையாக விளக்கினாள். “கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, என் நரம்பு மேல இருக்கிற உறையை அடிக்குது சார். வயர் மேல பிளாஸ்டிக் இருக்குமில்ல, அந்த மாதிரி உறை.”

“யாரோட எதிர்ப்புச் சக்தி?”

“என்னோடதுதான்.”

“யாரோட நரம்பு?”

“அதுவும் என்னோடதுதான்.”

உதயசூரியன் பேனாவை மூடினார். “உங்க காவலாள் உங்க பொருளை உடைச்சிருக்கான். ஆபஸ் கா மாம்லா, உங்களுக்குள்ள இருக்கிற தகராறு. ஆபீஸ் நடுவுல வரலாமா?”

“சார், கண்ணு போயிடும்.”

“இடது கண் இப்ப சரியாருக்குன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. பகுதிச் சேதம். டென்ஷன் மத் லோ பேட்டி, கவலைப்படாதம்மா.”

ஜீனும் காரணம், எதிர்ப்புச் சக்தியும் காரணம் என்பதால், விண்ணப்பம் அந்த விதியின் இரண்டு பாதிகளின்படியும் நிராகரிக்கப்பட்டது. ஒரே நோயாளிக்கு இரட்டை நியாயம் வழங்கிய அலுவலகம் தீவுகளில் வேறில்லை.

ஆணையைத் தட்டச்சு செய்ய வேண்டிய எழுத்தர் ஜாக்குலினே. திரையை இடது கண்ணருகே இழுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னபடியே அடித்தாள். படிவத்தின் ‘சேதப்படுத்தியது யார்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘காப்பாற்ற வேண்டிய இந்த அலுவலகம்’ என்று அடித்தாள்.

குழுவினர் இருவரும் தாளை நன்றாகப் பார்த்துக் கையொப்பமிட்டார்கள். அவர்கள் கண்களில் எந்தக் கோளாறும் இல்லை.