பெண் பார்க்கப் போன வாக்கி டாக்கி

வாய் நீளமானவன் கையில் வாக்கி டாக்கி கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது, அதுவும் சொந்தக் காசில்.

2000களின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு கால் டாக்சி கம்பெனியில் டிரைவராக இருந்தேன். பதினாறு வண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயர்லெஸ் செட். கன்ட்ரோல் ரூமிலிருந்து மேரி அக்கா சவாரி சொல்வார். வயர்லெஸ் லைசன்ஸ் முதலாளி பெயரில். இடுப்பில் மாட்டுகிற செட்டான வாக்கி டாக்கி அவரிடம் மட்டும்தான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்படிப் பழைய செட் ஒன்றை வாங்கி, மெக்கானிக் நண்பனிடம் சொல்லிக் கம்பெனி அலைவரிசையை ஏற்றிக்கொண்டேன். (யாரைக் கேட்டு என்கிறீர்களா? கேட்டால் வேண்டாம் என்பார்களே!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். டிரைவர் மோகன் என்னையும் அம்மாவையும் இறக்கிவிட்டுப் போனான். இடுப்பில் செட்டோடு சோபாவில் சாய்ந்தேன். கைப்பிடியில் இடித்துப் பேசும் பொத்தான் அமுங்கிக்கொண்டது. ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. வண்டி செட் ஒரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். என் செட் என்னைப் போல, அடங்காது.

"தம்பிக்கு என்ன வேலை?" பெண்ணின் அப்பா கேட்டார்.

"பதினாறு வண்டியும் என் கன்ட்ரோல்தான் சார். முதலாளியே என்னைக் கேட்டுத்தான் எதுவும் செய்வார்."

(அந்த நேரத்துக்கு அது உண்மைதான். பதினாறும் என்னால் நின்றுகொண்டிருந்தன.)

இருபது நிமிடம் கழித்து மோகன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, அந்த செட்டை முதல்ல ஆஃப் பண்ணு! உன் பேச்சுதான் எல்லா வண்டியிலயும் ஓடிக்கினு கீது. முதலாளியும் கேட்டுக்கினு கீறாரு. கேசரில முந்திரி கம்மின்னு அம்மா காதுல சொன்னியே, அதுகூட வந்துச்சு!"

அம்மா காபி டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

அதுவரை பேசாதிருந்த பெண் மோகனிடம் கேட்டாள்: "அவசரமா வண்டிக்கு யாராவது காத்திருக்காங்களா?"

"பொழிச்சலூர்ல ஒரு பெரியவர்மா. டயாலிசிஸுக்குப் போகணும். வாசல்லயே நிக்கிறாராம். மேரி அக்கா என் செல்லுக்கு அடிச்சுச் சொன்னாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போங்க. காபி அப்புறம் குடிக்கலாம்."

போனோம். பெரியவர் திட்டவே இல்லை. "வந்துட்டீங்களே, போதும்ப்பா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஓர் அறை விட்டிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

மறுநாள் முதலாளி கையை நீட்டினார். செட்டைக் கொடுத்தேன். "இதுக்காக என் லைசன்ஸைப் பிடுங்கினா பதினாறு வீட்டுல அடுப்பு எரியாதுடா. உன் இடுப்பு அழகுக்கு அவங்க பட்டினியா?" ஒரு மாதம் வண்டி கழுவினேன்.

அதற்கு முன்பே, அந்த ஞாயிறு சாயங்காலமே, அஸ்தினாபுரம் திரும்பிப்போய், "நான் வெறும் டிரைவர்தாங்க" என்றேன். "தெரியுமே, உங்க சிநேகிதர் சொல்லாம சொல்லிட்டாரே" என்று அவள் காபியை நீட்டினாள்.

கல்யாணத்துக்கு டிரைவர்கள் அத்தனை பேரும் வந்து, என்னை விட்டுவிட்டு மாமனாரிடம் நலம் விசாரித்தார்கள். அவர் குரல் அவர்களுக்கு அவ்வளவு பழக்கம்.

இப்போது என் மகள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "எங்கம்மாவைப் பொண்ணு பார்க்க ஒரு கம்பெனியே வந்துச்சு. கேசரி சாப்பிட்டது மட்டும் எங்கப்பா."