வேர்க்கடலை உங்களுடையது, சாக்ஸ் பழக்கம் என்னுடையது

பிள்ளைப்பாக்கம்
11.12.2004

மகாகனம் பொருந்திய சம்பந்தி பாண்டுரங்கன் அவர்களுக்கு, பலராமன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். வடக்குப்பட்டில் தாங்களும் நலமே என்று தெரிகிறது. உடம்பு சரியில்லாதவர் ஊர் முழுக்க இப்படிப் பேசிக்கொண்டு திரிய முடியாது.

என் கையெழுத்து கோணிக்கொண்டு போவதற்கு மன்னிக்கவும். அறுபத்தெட்டு வயதில் கற்றது. சின்னச் சீட்டுகள் எழுதியிருக்கிறேன், முழுக் கடிதம் இதுதான் முதல். மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் எழுந்து நின்று பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம். வரி வளைந்தாலும், உங்கள் வரப்பைப் போல அடுத்தவன் பக்கமாக வளையவில்லை.

கம்பெனி ஹாஸ்டல் கிறிஸ்துமஸ் விழாவில், சாக்ஸில் பரிசு போடும் பழக்கத்தை இந்தப் பக்கம் தொடங்கிவைத்த பெரியவர் என்று கம்பெனிக்காரர்கள் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். கேட்டு மகிழ்ந்தேன். மகிழ்ச்சியில் இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் குறைவு, ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு என் மாடி அறையில் அமலா, காந்திமதி என்று ஆறு தெற்கத்திப் பெண்கள் குடியிருந்தார்கள். கம்பெனியில் நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்த சாக்ஸைத் துவைத்து, நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கொடியில் போடுவார்கள். துவைத்ததாக அவர்கள் சொல்வார்கள். என் மூக்கு ஒப்புக்கொள்ளாது. வாயால் சொல்லி அலுத்துப்போய், எழுதக் கற்ற திமிரில், ‘இனி இங்கே காயப்போட்டால் அறையைக் காலி செய்’ என்று ஆறு சீட்டு எழுதி ஆளுக்கொரு சாக்ஸில் சொருகினேன். மார்கழிக் காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க, நீங்கள் கொடுத்தனுப்பிய வேர்க்கடலையைப் பிடிபிடியாக மேலே போட்டேன். அந்தக் கடலை வேறெதற்கும் உதவாது. பத்தை உடைத்தால் மூன்றில் பருப்பு. சம்பந்தி வீட்டுக் கடலை என்பதால் புழுவை நான் எண்ணவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ் என்று எனக்கு யார் சொன்னார்கள்? விடிந்ததும் மாடியில் ஒரே கூச்சல். “ஏ பிள்ள, தாத்தா நமக்குப் பரிசு வச்சிருக்காவ பாரு!” என்றாள் காந்திமதி. “பைபிள் வசனம்லாம் எழுதியிருக்காவளே” என்று அமலா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் எழுத்து அன்று அவ்வளவு அழகு. லீவு கிடைக்காமல், பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாத கிறிஸ்தவப் பெண் அவள். அழுதுகொண்டே என் காலில் விழுந்தாள். காலி செய் என்றுதான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு உங்கள் அளவு நெஞ்சழுத்தம் இல்லை. “நல்லா இரும்மா” என்றேன். அடுத்த வருடம் தெருவிலிருந்த அத்தனை பெண்களின் சாக்ஸும் என் தலைக்கு மேல் தொங்கின. பழக்கம் பிறந்தது இப்படி. இதில் நீங்கள் எங்கே?

போன வாரம் டீக்கடையில் கேட்டதற்கு, “இன்னா சம்பந்தி, கடல யாருது? என் நெலத்துது. கடல இல்லாங்காட்டி வெறும் சாக்ஸ்தான கீது?” என்றீர்கள். நியாயம்தான். கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் கொடுத்தவன்தான் மாப்பிள்ளை. “ஒரு துண்டுக்கோசரம் சம்பந்தி வூட்டாண்ட சண்டையா?” என்று என் மனைவி தாயாரம்மாள் கேட்கிறாள். எழுபது வருடத்தில் இந்தத் தோளில் மூட்டை ஏற்றியவர்கள் உண்டு, பொன்னாடை போர்த்தியவர் ஒருவரும் இல்லை. ஆகையால் என் பெயரைப் போடச் சொல்லி நீங்களே கம்பெனியில் சொல்லிவிட வேண்டும். வேட்டியை வெளுத்து மடித்து வைத்திருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. மிச்சமிருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
பலராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான ராஜசேகர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தார். “மாமா, பொன்னாட போத்திக்கிறவருதான் ஹாஸ்டல்ல கீற அத்தினி பேரு சாக்ஸையும் சொந்தச் செலவுல ரொப்பணுமாம். நானூறு பேரு. ஆளுக்கு ரெண்டு காலு” என்றார். மேலே எழுதியதெல்லாம் வயதானவனின் மறதி, மனதில் வைக்க வேண்டாம். கடலை இல்லாமல் சாக்ஸ் ஏது? முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். பழக்கத்தைத் தொடங்கியவர் நீங்களே என்று அடுத்த வாரம் கம்பெனிக்கே ஒரு கடிதம் எழுதுகிறேன்.