சீலிங்குக்குப் போன கருப்பட்டிக் காப்பி

ஒரு கண்ணாடிக் குவளையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கணவன் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரு சுற்று சிரித்து முடித்து, இரண்டாம் சுற்றில் இருக்கிறார்கள்.

என் மனைவி ஷீலா மஸ்கட்டில் நர்ஸ். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். கல்யாணமான மறு வருஷமே அவள் விமானம் ஏறிவிட்டாள். வீடு பாதியில் நின்றது, வேறு வழி தெரியவில்லை. அங்கே ஓர் அறையில் நாலு நர்ஸ்கள். யாராவது ஒருத்தி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள் என்பதால் அறைக்குள் போன் பேச முடியாது. அடுக்களையில்தான் பேச வேண்டும். அங்கும் சும்மா நிற்க முடியாது, அடுத்தவள் சட்டியோடு வந்து இடம் கேட்பாளாம்.

ஆகவே தினமும் காலையில் நைட் டியூட்டி முடிந்து வந்ததும், போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் காப்பி போடுவாள். அந்தக் காப்பி பிரெஞ்ச் பிரஸ் காப்பி. உயரமான கண்ணாடிக் குவளை, அதற்கொரு மூடி, மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் சல்லடை. தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி, நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு கம்பியை அமுக்கினால் மண்டி அடியில் தங்கி, காப்பி மேலே தெளிந்து நிற்கும்.

அந்த நாலு நிமிஷம்தான் எங்கள் இல்லறம். போன் சாய்ந்திருக்கும் கோணத்தில் அவள் முகம் பாதிதான் தெரியும். குவளை முழுசாகத் தெரியும். (தலையெழுத்து!)

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு. நீ தூங்கினியா?"

"இனிமேதான். மழை உண்டா அங்க?"

மழையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்று வாயெடுக்கும்போது அவள் கை கம்பியின் மேல் வந்துவிடும். "செரி மக்கா, வைக்கட்டா?" என்பாள். வைத்த பிறகும் நான் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். எழுந்திருக்க மனசு வராது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், வேலை ஒப்பந்தம் முடிகிறது, லீவில் வருகிறேன் என்றாள். "திரும்பப் போவணுமா வேண்டாமான்னு வந்து பேசுவோம்" என்றாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லத்தான் வாய் இல்லை. வீட்டுக்காகப் போனவளை வீடு முடியாமல் எப்படிப் போகாதே என்பது? அதனால் சொல்லாமலே புரியவைக்க ஒரு திட்டம் போட்டேன். அவளுக்கு அந்தக் காப்பி பழகிவிட்டது. அதே காப்பி நாகர்கோவிலிலும் கிடைத்தால் மஸ்கட் எதற்கு? (இப்படி யோசிக்கிற ஆளிடம்தான் ஊரார் நம்பிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள்.)

ஆன்லைனில் ஒரு பிரெஞ்ச் பிரஸ் வாங்கினேன். அடுக்களைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். இந்தக் காப்பிக்குத் தூள் ரவை மாதிரி இருக்க வேண்டும் என்று ஷீலா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பாவம், அங்கே நல்ல அரைவு கிடைக்காமல் கொரகொரப்பாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கடைக்காரரிடம், "அண்ணே, மாவு மாதிரி நைஸா அரைச்சுத் தாங்க" என்று நின்று அரைத்து வாங்கினேன்.

இன்னொன்றும் இருந்தது. அவள் அங்கே ஏங்கியது சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பிக்கு. கருப்பட்டியில் மண் கிடக்கும், கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை. குவளையிலேயே சல்லடை இருக்கும்போது தனியாக எதற்கு வடிகட்ட வேண்டும்? தூள், சுக்கு, கருப்பட்டி மண் எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் பிடித்துவிடலாமே! என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஷீலா வந்து சேர்ந்த அன்று காலை, அவளுடைய அம்மா, அதாவது என் மாமி, கடற்கரையூரான முட்டத்திலிருந்து நெய்மீனோடு வந்திருந்தார். கூடவே அவள் தம்பி ஜெபின். மாமி மாதா கோயில் பூசைக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையில் இருந்தார். ஷீலா குளிக்கப் போன நேரத்தில், "இன்னைக்குக் காப்பி நான் போடுதேன்" என்று அறிவித்தேன். நைஸ் தூள், தட்டிய சுக்கு, உடைத்த கருப்பட்டி எல்லாவற்றையும் குவளையில் கொட்டி, வெந்நீர் ஊற்றி மூடினேன்.

ஈரத் தலையோடு ஷீலா அடுக்களைக்குள் வந்தாள். குவளையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இது இங்கயும் வந்தாச்சா?"

"உனக்காக்கும்" என்றேன்.

முதல் முறையாக அந்த நாலு நிமிஷமும் முழு முகத்தோடு எனக்குக் கிடைத்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தேன். "மழை... அங்க மழையே கிடையாதா?" என்று கேட்டேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் கால் மணி நேரமாகி, காப்பி ஆறிப்போயிருந்தது.

"மருமோனே, அத அமுக்கும்!" என்றார் மாமி.

அமுக்கினேன். கம்பி அசையவில்லை. இன்னும் அமுக்கினேன். மாவுத் தூள் சல்லடையை அடைத்துக்கொண்டு, கல்லில் குத்தினது போல நின்றது.

"அத்தான், நானும் ஒரு கை பிடிக்கட்டா?" என்று ஜெபின் கிட்டே வந்தான்.

ஷீலா குனிந்து குவளைக்குள் பார்த்தாள். "என்னத்த போட்டிய உள்ள? அமுக்காண்டாம்! பைய மேல எடுங்க!"

"பயப்படாத. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாத்தான் பரவும்" என்று பாடம் நடத்திவிட்டு, குதிகாலை உயர்த்தி உடம்பின் முழுக் கனத்தையும் கம்பியின் மேல் இறக்கினேன்.

அழுத்தம் எல்லாப் பக்கமும்தான் பரவியது. எனக்கு, மாமியின் வெள்ளைப் புடவைக்கு, புது பெயின்டுக்கு என்று பாரபட்சமில்லாமல் பரவிவிட்டு, மிச்சம் சீலிங்குக்குப் போனது. நல்லவேளை, ஆறியிருந்ததால் யாருக்கும் சுடவில்லை. மாமி மட்டும் "எனக்க மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். ஜெபின் சிரிப்பை அடக்க முடியாமல் முற்றத்துக்கு ஓடினான்.

ஷீலா சிரித்தாள். அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தக் காப்பி பிடிக்கவே பிடிக்காது, கேட்டியளா?" என்றாள்.

"பொறவு எதுக்குட்டி தினமும் போட்ட?"

"பாக்கெட் காப்பின்னா கலக்கினதும் தீந்துரும். பொறவு எதச் சொல்லி அடுக்களையில நிக்க? இதுக்குன்னா நாலு நிமிஷம் நிக்கலாம்லா?"

என் மூக்கிலிருந்து கருப்பட்டிப் பாகு சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில்தான், இத்தனை காலம் வராத வார்த்தை வந்தது. "ஏட்டி, போவாண்டாம்" என்றேன். மாமி மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களைப் பார்க்காதது போல் வெளியே போய்விட்டார்.

ஷீலா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சீலிங்கில் எறும்புகள். கருப்பட்டி தேடி வரிசை வரிசையாக வந்து, அந்த லீவு முழுக்கத் தலைக்கு மேல் ஊர்வலம் போயின. லீவு முடிந்தது. "மாடிப்படியும் ஜன்னலும் முடியட்டும், இந்த ஒரு தடவதான்" என்று சொல்லிவிட்டு ஷீலா திரும்பப் போனாள். விமான நிலையத்தில் நான் மழையைப் பற்றிப் பேசவில்லை. அவள் பெட்டியைப் பிடித்தபடியே வாசல் வரை நடந்தேன்.

மாமியும் ஜெபினும் வீட்டுக்கு வரும் நாளெல்லாம், நான் கதவைச் சாத்தினாலும் சரி, பெட்டியைப் பூட்டினாலும் சரி, ஜெபின் எங்கிருந்தாவது "அத்தான், அமுக்காண்டாம்!" என்று கத்துகிறான். மாமிகூட இப்போது கத்தப் பழகிவிட்டார். சீலிங் கறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டபோது ஷீலா மஸ்கட்டிலிருந்தே தடுத்துவிட்டாள். தான் மொத்தமாக வந்த பிறகு அடித்தால் போதுமாம்.

இன்று காலையும் போன் வந்தது. "மேல காட்டுங்க" என்றாள். போனைத் திருப்பிச் சீலிங்கைக் காட்டினேன். கறையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடினாள். நாலு நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டது. குவளையின் மேல் ஆவிகூட இல்லை. அவளுக்குப் பின்னால் யாரோ சட்டியோடு வந்து நிற்பதும் தெரிந்தது.

"ஏட்டி, இன்னும் அமுக்கல்லியா?"

"அமுக்கல்ல" என்றாள். "நீங்க பேசுங்க மக்கா."